தொப்பியின் வயதைத் தகட்டில் தேடாதீர்கள்

கேள்வி: என் தாத்தா குன்னூரை அடுத்த வெல்லிங்டன் ராணுவக் குடியிருப்பில் அதிகாரிகள் உணவகத்தில் சமையல்காரராக இருந்தவர். சுதந்திரத்தை ஒட்டி ஊருக்குத் திரும்பிய ஓர் ஆங்கிலேய அதிகாரி தன் வெயில் தொப்பியை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனதாக அம்மா சொல்வார். சுற்றிலும் அகன்ற விளிம்பு, காக்கித் துணி, அதன்மேல் மடித்துச் சுற்றிய துணிப்பட்டை, ஓரத்தில் பழுப்புத் தோல், விளிம்பின் அடியில் பச்சைத் துணி. உள்ளே ஒரு கிழிந்த சீட்டில் ‘ஹாக்ஸ்’ என்றும் ‘1 சாவில்’ என்றும் மட்டும் படிக்க முடிகிறது. சென்ற ஆண்டு ஒரு பழம்பொருள் வியாபாரியிடம் மதிப்பீட்டுக்காகச் சில வாரங்கள் கொடுத்து வைத்திருந்தேன். இது 1879ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் நடந்த ஜூலூ போரில் 24ஆம் படைப்பிரிவு அணிந்தது என்கிறார் அவர். முன்புறத்தில் கிரீடமும் 24 என்ற எண்ணும் கொண்ட பித்தளைத் தகடு இருக்கிறது. அது தாத்தா காலத்திலேயே இருந்ததா என்று அம்மாவுக்கு நினைவில்லை. வியாபாரி சொல்வது உண்மையா? இது நம் ஊர் நெட்டியால் செய்ததா? வெள்ளை பூசிப் புதுப்பிக்கலாமா? வெளிநாட்டில் ஒருவர் வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறார், விற்கலாமா?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

முதல் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் தொப்பி 1879ஆம் ஆண்டைச் சேர்ந்ததன்று. விக்டோரியா ராணி காலத்துத் தொப்பியும் அன்று. அது 1912ஆம் ஆண்டுக்குப் பிறகு லண்டனில் விற்கப்பட்ட, வுல்ஸ்லி என்று பெயர் பெற்ற வகை. உங்கள் அம்மா சொல்லும் கதையோடு இது அப்படியே பொருந்துகிறது. வியாபாரி சொல்லும் கதையோடுதான் பொருந்தவில்லை.

அருங்காட்சியகப் பொருள்களைப் பாதுகாக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் இத்தகைய தொப்பிகளைத் தொடர்ந்து கையாள்கிறேன். கொண்டுவருபவர்கள் அநேகமாக எல்லோரும் முதலில் காட்டுவது முன்னால் மின்னும் தகட்டைத்தான். நான் அதைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். தகட்டை ஒரு திருகாணியைச் சுழற்றி மாற்றிவிடலாம். தொப்பியின் வடிவத்தை அப்படி மாற்ற முடியாது. அந்த வடிவம் ஏதோ ஒரு போரில் பட்ட பாட்டிலிருந்து பிறந்தது. அதைப் படிக்கத் தெரிந்துவிட்டால் எந்த வியாபாரியின் சொல்லுக்கும் நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை.

தையல் நாடா ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தொப்பியை மேசைமேல் வைத்து, அதன் பக்கவாட்டில், காது வரும் இடத்துக்கு நேராக உட்காருங்கள். முன்புற விளிம்பு எவ்வளவு நீண்டிருக்கிறது, பின்புறம் எவ்வளவு, காதுக்கு மேலே எவ்வளவு என்று மூன்று இடங்களில் அளவெடுங்கள். 1900ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் ராணுவம் வெளியிட்ட அதிகாரிகளுக்கான உடை விதிகளில் வுல்ஸ்லி தொப்பிக்கு முன்னால் 3 அங்குலம், பின்னால் 4 அங்குலம், பக்கங்களில் 2 அங்குலம் என்று விளிம்பு அளவு குறிக்கப்பட்டிருக்கிறது. தொப்பி நாள்பட்டுச் சற்றே வளைந்திருந்தாலும் உங்கள் அளவு இதற்கு அருகில்தான் வரும். மூன்று அளவுகளில் முக்கியமானது காதுக்கு மேலுள்ள அந்த 2 அங்குலம். 1879இல் ஜூலூ நாட்டுக்குப் போன சிப்பாயின் தொப்பியில் அது கிடையாது.

அந்தப் போரில் அணிந்தது 1877ஆம் ஆண்டில் ஏற்கப்பட்ட ‘அயல்பணித் தொப்பி’. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் இதன் தனித்தன்மை உடனே தெரியும். உச்சி உயர்ந்திருக்கும். முன்னால் ஒரு மறைப்பு கண்ணை நோக்கிச் சரியும். பின்னால் இன்னும் நீளமான மறைப்பு பிடரியை மூடி இறங்கும். காதுப் பக்கத்தில் மட்டும் விளிம்பு ஒடுங்கி, தலையோடு ஒட்டினாற்போல் போய்விடும். உங்கள் தொப்பியின் விளிம்போ தலையைச் சுற்றி எங்கும் அறுபடாமல் ஒரே ஓட்டமாக ஓடுகிறது. இந்த ஒரு வேற்றுமையே வழக்கைத் தீர்த்துவிடும். துணியில் உள்ள தையல்களை எண்ணிப் பார்த்து முடிவு செய்யச் சிலர் சொல்லக்கூடும். அது உதவாது, அதிகாரிகளின் தொப்பிகளில் இரண்டு வகையிலும் ஆறு தையல்களைக் காணலாம்.

வடிவம் ஏன் இப்படி மாறியது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1840களிலும் 1850களிலும் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் அதிகாரிகள் ஆளுக்கொரு தொப்பி அணிந்தார்கள். பிரம்பில் பின்னித் துணி போர்த்தியவை இருந்தன, நெட்டித் தொப்பிகள் இருந்தன, உச்சியில் முன்னிருந்து பின்னாகக் காற்றுக் குழாய் ஓடும் தொப்பிகளும் இருந்தன. 1857இல் பலருடைய தலையில் இருந்தது பழைய தொப்பிமேல் போர்த்திப் பிடரியில் தொங்கவிட்ட வெள்ளைத் துணி மட்டுமே. ஜூலியஸ் ஜெஃப்ரிஸ் என்ற ராணுவ மருத்துவர் இந்தியாவில் பணியாற்றியவர். படைவீரர்கள் வெயிலில் சுருண்டு விழுவதைப் பார்த்து, தலைக்கும் தொப்பிக்கும் இடையே காற்று ஓட வேண்டும் என்று 1858இல் வெளியிட்ட நூலில் வாதாடினார். அந்தக் கருத்து நிலைத்துவிட்டது. உங்கள் தொப்பியைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். தலையில் படும் தோல்பட்டை, கூட்டோடு ஒட்டாமல் சற்று விலகி நிற்கும். இடையில் சிறு கார்க் (ஒரு வகை மரப்பட்டை) துண்டுகள் வைத்து அந்த இடைவெளியை உண்டாக்கியிருப்பார்கள். கீழேயிருந்து அந்த இடைவெளி வழியாக ஏறும் சூடான காற்று, உச்சியில் உள்ள குமிழின் துளைகளால் வெளியேறும். அடுப்படிப் புகைபோக்கி வேலை செய்வது போலத்தான்.

1873-74இல் மேற்கு ஆப்பிரிக்காவின் அசாந்தி நாட்டின் மீது கார்னெட் வுல்ஸ்லி என்ற பிரிட்டிஷ் தளபதி படையெடுத்தபோது கார்க் தொப்பிகள் பெரிய அளவில் களம் கண்டன. அதன் பிறகுதான் 1877ஆம் ஆண்டு வகை வந்தது. அது சிறந்த தொப்பிதான், ஆனால் நிமிர்ந்து நின்று போரிடுகிறவனுக்கான தொப்பி. சிப்பாய்கள் வரிசையாக நின்று சுட்ட காலத்தின் பொருள். 1899இல் தென்னாப்பிரிக்காவில் டச்சு வழிக் குடியேறிகளான போயர்களோடு போர் மூண்டபோது நிலைமை தலைகீழானது. எதிரி கண்ணுக்கே படாமல் தொலைவிலிருந்து குறிபார்த்துச் சுட்டான். சிப்பாய் மண்ணோடு மண்ணாகக் குப்புறப் படுத்துத் திருப்பிச் சுட வேண்டியிருந்தது. படுத்தவன் தலையை நிமிர்த்தினால் தொப்பியின் நீண்ட பின்மறைப்பு முதுகில் இடித்தது. இடித்ததும் முன்மறைப்பு கண்ணை மூடியது. உயிருக்குப் போராடும் நேரத்தில் குறி தெரியாமல் போவது எவ்வளவு பெரிய கொடுமை! பலர் அதைக் கழற்றிவிட்டு ஒரு பக்கம் மடித்த கம்பளித் தொப்பிக்கு மாறினார்கள்.

அதே ஆண்டுகளில் அதிகாரிகள் சொந்தக் காசில் வாங்கிப் பரவலாக்கிய அகன்ற விளிம்புத் தொப்பிதான் உங்களிடம் இருப்பது. நிழல் எல்லாப் பக்கமும் விழுந்தது, கழுத்தும் காதும் தப்பின. 1900 உடை விதிகளில் இடம் பிடித்த பிறகு அதுவே பொது வகையாகி, முதல் உலகப் போரில் கலிப்பொலி, மெசபடோமியா, பாலஸ்தீனம் என்று வெயில் களங்களில் எல்லாம் காணப்பட்டது. 1940களில்தான் படை வழக்கிலிருந்து மறைந்தது. பிரிட்டனின் ராயல் மரீன் இசைக்குழுவினர் இன்றும் அணிவகுப்பில் வெள்ளை நிறத்தில் இதைத்தான் அணிகிறார்கள்.

இந்த வகைக்கு வுல்ஸ்லியின் பெயர் ஒட்டிக்கொண்டதால் ஒரு குழப்பம் விளைகிறது. வுல்ஸ்லி படை நடத்திய அசாந்திப் போர், 1882 எகிப்துப் போர் ஆகியவற்றோடு இந்தத் தொப்பியை முடிச்சுப் போட்டு விற்பவர்கள் உண்டு. அந்தப் போர்களில் அவருடைய வீரர்கள் அணிந்தவை காதுப் பக்கம் ஒடுங்கிய பழைய வகைகளே. யாராவது அகன்ற விளிம்புத் தொப்பியைக் காட்டி எகிப்துப் போரின் களமான டெல்-எல்-கெபிர் என்றோ சூடானின் கார்ட்டூம் என்றோ சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்து அந்தக் கிழிந்த சீட்டு. உங்கள் தொப்பியிலேயே விலைமதிப்பற்ற பகுதி அதுதான், பித்தளைத் தகடு அன்று. ஹாக்ஸ் நிறுவனம் அதிகாரிகளுக்கு உடையும் தொப்பியும் செய்து கொடுத்த பழைய லண்டன் நிறுவனம். நெடுங்காலம் பிக்காடிலி தெருவில் இருந்தது. 1912இல்தான் 1 சாவில் ரோ என்ற முகவரிக்கு மாறியது. உங்கள் சீட்டில் உள்ள ‘1 சாவில்’ அந்த முகவரியின் மிச்சம். எனவே 1912க்கு முன் இந்தத் தொப்பி விற்கப்பட்டிருக்க வழியில்லை. விக்டோரியா இறந்தது 1901இல். இதைவிடத் தெளிவான சாட்சி கிடைப்பது அரிது. இதே போன்ற தொப்பி வேறு யாரிடமாவது இருந்து, அதில் ஆர்மி அண்ட் நேவி என்ற லண்டன் கடையின் சீட்டு இருந்தால் அதையும் காலம் கணிக்கப் பயன்படுத்தலாம். பெயரில் கூட்டுறவுச் சங்கம் என்று இருந்தால் 1934க்கு முந்தையது, வெறும் ஸ்டோர்ஸ் என்று இருந்தால் அதற்குப் பிந்தையது. கடையின் பெயர் இல்லாமல் மேல்நோக்கிய அகன்ற அம்பு முத்திரை மட்டும் இருந்தால், அது அரசு வழங்கிய சிப்பாய்த் தொப்பி என்று பொருள்.

தகட்டுக்கு வருகிறேன். 24ஆம் படைப்பிரிவு என்றதும் வியாபாரிகளின் குரல் உயர்வதற்குக் காரணம் உண்டு. 1879 ஜனவரி 22ஆம் நாள் இசாண்டல்வானா என்ற இடத்தில் ஜூலூ படை, ஈட்டியையும் கேடயத்தையும் முதன்மையாகக் கொண்டு, நவீன துப்பாக்கி ஏந்திய பிரிட்டிஷ் படையைத் துடைத்தெறிந்தது. அங்கே மடிந்த பிரிட்டிஷ் வீரர்களில் பெரும்பகுதியினர் 24ஆம் படைப்பிரிவினர். அந்தப் போரின் பொருள் என்று நிரூபிக்கப்பட்டால் சேகரிப்பாளர்கள் கொட்டிக் கொடுப்பார்கள். அதனால்தான் அந்த எண் கண்ட இடத்தில் எல்லாம் முளைக்கிறது.

ஆனால் அந்தப் போரில் தொப்பிகள் எப்படி இருந்தன என்பதை நினைத்துப் பாருங்கள். அவை வெள்ளைத் தொப்பிகளாக வழங்கப்பட்டன. ஆப்பிரிக்கப் புல்வெளியில் வெள்ளைத் தலை என்பது எதிரிக்கு நாமே கொடுக்கும் குறி. எனவே வீரர்கள் தேநீரில், காபியில், மரப்பட்டை வடிநீரில், சேற்றில் என்று கையில் கிடைத்ததில் அவற்றை நனைத்துப் பழுப்பாக்கினார்கள். வெயிலில் பளபளக்கும் பித்தளைத் தகட்டையும் கழற்றி வைத்தார்கள். இன்று போலிகள் செய்பவர்களும் புதிய தொப்பிக்குத் தேநீர்க் கறை ஏற்றுகிறார்கள், ஆனால் தகட்டை மட்டும் மறக்காமல் மாட்டிவிடுகிறார்கள். கறையும் தகடும் சேர்ந்து ஒரே தொப்பியில் இருந்தால் எனக்குச் சந்தேகம் இரட்டிப்பாகும்.

உங்கள் தகட்டைக் கழற்றாமலே சிலவற்றைச் சோதிக்கலாம். தொப்பிக்குள் விளக்கைப் பிடித்து, தகட்டின் பின்புறம் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். துணியில் துளை விழுந்த இடத்தில் நூல்முனைகள் வெளுப்பாக, அழுக்கேறாமல் இருந்தால் துளை அண்மையில் போட்டது. நீங்கள் அனுப்பிய புகைப்படத்தில் எனக்கு அப்படித்தான் தெரிகிறது. துளையைச் சுற்றித் தகட்டின் நிழல் போன்ற நிறமாற்றம் இல்லாததும் கவனிக்க வேண்டியது. பல ஆண்டுகள் ஒரே இடத்தில் தகடு இருந்திருந்தால் அதன் கீழே துணி வெளுக்காமல் வேறு நிறத்தில் நின்றிருக்கும். யார் மாட்டினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். தொப்பி உங்கள் கையை விட்டுப் போன வாரங்களுக்கு முன்பு எடுத்த குடும்பப் புகைப்படம் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள்.

அந்தத் தகடு தனிப் பொருளாக உண்மையானதா என்பது வேறு கேள்வி. பழைய தகடுகள் மெல்லிய பித்தளையில் அச்சு வைத்து அடித்தவை. முன்னே மேடாக இருப்பது பின்னே பள்ளமாக இருக்கும். பின்புறம் தட்டையாகவும் மணல் மணலாகவும் கனமாகவும் இருந்தால் வார்த்தெடுத்த நகல். 1881இல் படைப்பிரிவுகளுக்கு எண்களை நீக்கி மாவட்டப் பெயர்களைச் சூட்டினார்கள், 24ஆம் பிரிவு தென் வேல்ஸ் எல்லைப் பிரிவு ஆனது. எனவே எண் மட்டுமே கொண்ட உண்மையான தகடு என்றால் அது 1881க்கு முந்தையதாகத்தான் இருக்க முடியும். 1912க்குப் பிந்தைய தொப்பியில் அதற்கு என்ன வேலை? கிரீடத்தையும் பாருங்கள். விக்டோரியா காலக் கிரீடத்தின் வளைவுகள் நடுவில் சற்றுத் தாழ்ந்திருக்கும். 1901க்குப் பின் வந்த மன்னர்கள் காலத்தில் அவை குவிமாடம் போல் உயர்ந்து நிற்கும். எலிசபெத் ராணி காலத்தில் மீண்டும் நடுவில் தாழ்ந்தன. அதனால் வளைவு தாழ்ந்திருக்கிறது என்பதை மட்டும் வைத்து விக்டோரியா காலம் என்று சொல்லிவிட முடியாது, 1950களுக்குப் பின் செய்த பொருளாகவும் இருக்கலாம்.

ஒரு செய்தியை இங்கேயே சேர்த்துவிடுகிறேன், ஏனெனில் நீல நிறத் தொப்பிகளும் அவ்வப்போது ஏலத்துக்கு வருகின்றன. 1878இல் இங்கிலாந்துக்குள் அணிவதற்கென்று பிரஷ்ய ராணுவத்தின் பாணியில் கருநீலத் துணி போர்த்திய கூர்முனைத் தொப்பி வந்தது. நட்சத்திரத் தகடு இயல்பாக இருக்க வேண்டிய இடம் அதுதான். பீரங்கிப் படையினர் கூர்முனைக்குப் பதில் உருண்டை வைத்துக்கொண்டார்கள். வெளிநாட்டுப் பணித் தொப்பியிலும் அணிவகுப்பு நாள்களில் கூர்முனையைத் திருகி, களத்துக்குப் போகும்போது அதைக் கழற்றித் துணி சுற்றிய குமிழை வைப்பார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கும் அமெரிக்கர்களுக்கும் தனித்தனி வகைகள் இருந்தன. பிரெஞ்சுக் கடற்படைக் காலாட்களின் தொப்பியில் நங்கூரச் சின்னம் இருக்கும், அமெரிக்க ராணுவம் 1880களில் பிரிட்டிஷ் வடிவத்தைப் பார்த்தே வெள்ளைக் கோடைத் தொப்பியை எடுத்துக்கொண்டது.

உங்கள் நெட்டிக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. குளங்களிலும் சதுப்பிலும் வளரும் நெட்டிச் செடியின் தண்டை எடுத்து, மேல்தோலைச் சீவினால் உள்ளே பால்வெள்ளையில் மெத்தென்ற தண்டு இருக்கும். மாட்டுப் பொங்கலன்று மாடுகளுக்குக் கட்டும் நெட்டி மாலையும், தஞ்சாவூர்க் கலைஞர்கள் செதுக்கும் பெரிய கோயில் மாதிரியும் இதில்தான் பிறக்கின்றன. வங்காளத்தில் மணமகன் சூடும் முடியும் இதுதான். அதே தண்டை நீளவாக்கில் சுழற்றிச் சுழற்றிச் சீவித் தாள் போன்ற தகடுகளாக்கி, அச்சின்மேல் அடுக்கடுக்காக ஒட்டி, துணி போர்த்தினால் சோலா தொப்பி. நம் நாட்டுக் கைவினைஞர்களின் கத்தி வேலைதான் வெள்ளைக்காரத் துரைகளின் தலையைக் காத்தது. சிவில் அதிகாரிகளும் தோட்டத் துரைகளும் வேட்டைக்காரர்களும் விரும்பி அணிந்தது அதைத்தான். கான்பூர் டென்ட் கிளப் என்ற பெயரால் வழங்கிய தடித்த நெட்டித் தொப்பியை ராணுவ அதிகாரிகள் கூட வாங்கி அணிந்தார்கள்.

ஆனால் ராணுவத்தின் விதிப்படித் தொப்பி நெட்டி அன்று, கார்க். போர்ச்சுகலிலும் ஸ்பெயினிலும் வளரும் ஒரு வகை ஓக் மரத்தின் பட்டை அது. காரணம் எளிது. நெட்டி இறகு போல் லேசானது, வெயிலை அருமையாகத் தடுக்கும், ஆனால் ஒரு மழையில் ஊறி நைந்துவிடும், கூடாரத்தில் யாராவது மிதித்தால் நொறுங்கிவிடும். கார்க் சற்றுக் கனம், ஆனால் மூட்டையில் திணித்தாலும் தாங்கும். உங்கள் தொப்பியில் எங்காவது துணி கிழிந்து உள்ளுடல் தெரிந்தால் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். பழுப்பு நிறத்தில் கரும்புள்ளிகளும் நுண்துளைகளும் தெரிந்தால் கார்க். தூய வெண்மையாக, ஏடு ஏடாகத் தெரிந்தால் நெட்டி. சாம்பல் நிற அட்டை தெரிந்தால் அழுத்திச் செய்த நார்த்தூள், அது பிற்காலப் பொருள், பெரும்பாலும் நகல். ஹாக்ஸ் சீட்டும் இந்த வடிவமும் சேர்ந்திருப்பதால் உங்களுடையது கார்க்காக இருக்கும் என்பதே என் எதிர்பார்ப்பு. பார்ப்பதற்காகத் துணியைக் கிழிக்க மட்டும் வேண்டாம்.

இந்தத் தொப்பிகளைக் கையாளும்போதெல்லாம் என் மனத்தை உறுத்தும் ஒன்றையும் சொல்ல விரும்புகிறேன். வெப்ப நாட்டு வெயிலின் கதிர்கள் ஐரோப்பியரின் மண்டைக்குள்ளும் முதுகெலும்புக்குள்ளும் புகுந்து கேடு செய்யும் என்று அன்றைய மருத்துவர்கள் பலர் உண்மையாகவே நம்பினார்கள். குழந்தைகளைக்கூடத் தொப்பி இல்லாமல் வெளியே விடவில்லை, முதுகில் பஞ்சுப் பட்டை கட்டி நடந்தவர்களும் உண்டு. அவர்கள் பக்கத்திலேயே தலையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு இந்தியர் கல்லுடைத்தார்கள், பல்லக்குச் சுமந்தார்கள், தண்டவாளம் போட்டார்கள். இந்தியச் சிப்பாய் தலைப்பாகையோடுதான் போருக்குப் போனார். நிழலுக்காகப் பிறந்த தொப்பி, ஆள்பவர் யார் ஆளப்படுபவர் யார் என்று தொலைவிலிருந்தே காட்டும் அடையாளமாகிவிட்டது. இரண்டாம் உலகப் போரில் பர்மாக் காடுகளில் சாதாரணத் தொப்பிகளோடு பிரிட்டிஷ் வீரர்கள் போரிட்டபோது அந்த அச்சத்துக்கு அடிப்படை இல்லை என்பது எல்லோருக்கும் புரிந்தது. உங்கள் தாத்தா கைக்கு அந்தத் தொப்பி வந்த ஆண்டை இதோடு சேர்த்துப் பாருங்கள். ஊருக்குத் திரும்புகிற அதிகாரிக்கு இனி அது தேவைப்படவில்லை. என் கண்ணுக்கு இது ஜூலூ போர்க் கதையைவிடப் பெரிய வரலாறு, அதுவும் உங்கள் குடும்பத்தின் சொந்த வரலாறு.

பராமரிப்புக்கு வருவோம். வெள்ளை பூசவே கூடாது. வுல்ஸ்லி தொப்பிக்கு அணிவகுப்பில் வெள்ளையும் களத்தில் காக்கியும் வழக்கில் இருந்தன. உங்களுடையது காக்கியாகப் பிறந்தது, அப்படியே இருக்கட்டும். தண்ணீர் படக் கூடாது, ஏனெனில் உள்ளே அடுக்குகளைப் பிடித்திருக்கும் பசை இளகிவிடும். துணியில் உள்ள தூசியை மெல்லிய தூரிகையால் ஒரே திசையில் தள்ளிவிடுங்கள். வெற்றிடத் தூசி உறிஞ்சி இருந்தால் அதன் வாயில் கொசுவலைத் துணியைக் கட்டி, மிகக் குறைந்த விசையில், தூரிகைக்குச் சற்று அருகில் பிடித்தால் போதும்.

பித்தளையைப் புளி போட்டுத் தேய்க்க வீட்டில் யாருக்காவது கை துறுதுறுக்கும். தயவுசெய்து தடுத்துவிடுங்கள். குத்துவிளக்கை அப்படித் தேய்க்கலாம், துணியோடும் தோலோடும் ஒட்டிய பித்தளையை அப்படித் தேய்த்தால் அமிலம் தோலில் இறங்கிப் பச்சைக் களிம்பு பூக்கும். கடையில் விற்கும் பாலிஷும் அதே கேட்டைத்தான் செய்யும். தோல்பட்டைக்கு எண்ணெயோ ஷூ பாலிஷோ வேண்டாம். தொட்டால் விரலில் சிவப்புத் தூளாக ஒட்டுகிறதென்றால் தோல் உள்ளுக்குள் சிதைகிறது என்று பொருள், அதன் பிறகு அந்த இடத்தைத் தொடாமல் விடுவதே மருந்து.

நீலகிரியின் ஈரம்தான் உங்கள் முதல் எதிரி. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். உட்சுவர் அலமாரிக்கு மாற்றுங்கள், விலை குறைந்த ஈரப்பதமானி ஒன்றை வாங்கி உள்ளே வையுங்கள், காட்டும் அளவு 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் இருந்தால் நல்லது. மோவாய்ப் பட்டையைப் பிடித்து ஆணியில் தொங்கவிடாதீர்கள். அமிலமற்ற மெல்லிய தாளைக் கசக்கி உருண்டையாக்கி உச்சியில் நிரப்பி, விளிம்பு மேசையில் படாதவாறு உயர்த்தி உட்கார வையுங்கள். விளிம்பு பாரம் தாங்கினால் சில ஆண்டுகளில் கோணிவிடும். அந்துருண்டையைத் தொப்பிக்குள் போடாதீர்கள், பூச்சித் தூள் கண்ணில் பட்டால் பிளாஸ்டிக் பைக்குள் வைத்து மூடி ஓர் அருங்காட்சியகப் பாதுகாப்புப் பிரிவை அணுகுங்கள். கிழிந்த சீட்டை ஒட்ட வேண்டாம், குறிப்பாக ஒளிபுகும் ஒட்டுநாடா வேண்டவே வேண்டாம். சில ஆண்டுகளில் அதன் பசை எழுத்தையே தின்றுவிடும்.

விற்பது உங்கள் உரிமை. ஆனால் அந்தத் தகட்டை வைத்துக்கொண்டு ஜூலூ போர்த் தொப்பி என்று விற்க நான் துணை நிற்க மாட்டேன். வுல்ஸ்லி தொப்பி, ஹாக்ஸ் தயாரிப்பு, 1912க்குப் பின், தகடு பின்னால் சேர்க்கப்பட்டதாகத் தெரிகிறது என்று எழுதி விற்பதுதான் நேர்மை. வெளிநாட்டுக்கு அனுப்பும் முன் சட்டத்தையும் பாருங்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி 100 ஆண்டுக்குக் குறையாத பழைமை உடைய பொருள் தொல்பொருளாகக் கருதப்படக்கூடும், அப்படிப்பட்டதைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. உங்கள் தொப்பி 1912க்கும் 1940களுக்கும் இடையில் எந்த ஆண்டிலும் செய்யப்பட்டிருக்கலாம், அதாவது 100 ஆண்டு என்ற கோட்டின் எந்தப் பக்கத்திலும் இருக்கலாம். இந்தியத் தொல்லியல் துறையிடம் தொல்பொருள் அன்று என்ற சான்று பெறாமல் பார்சல் கட்டாதீர்கள்.

ஆண்டை இன்னும் நெருக்க முடியுமா என்று பார்ப்போம். சீட்டைப் பக்கவாட்டில் விளக்கு வைத்து, சாய்ந்த ஒளியில் மூன்று நான்கு கோணங்களில் படமெடுத்து அனுப்புங்கள். தோல்பட்டையை இழுக்காமல், அதற்குப் பின்னால் மையால் எழுதிய பெயரோ எழுத்தோ தெரிகிறதா என்று பாருங்கள். அதிகாரிகள் பலர் அங்கே பெயர் எழுதி வைப்பார்கள். பெயர் கிடைத்தால், அவர் வெல்லிங்டனில் எப்போது பணியில் இருந்தார் என்று லண்டனில் உள்ள ராணுவ அதிகாரிகள் பட்டியல்களில் தேட முடியும். துணிப்பட்டையின் இடப்பக்கத்தில் தையல் பிரிந்த தடமோ வண்ணத் துணி இருந்த அடையாளமோ தெரிந்தால் அதையும் படமெடுங்கள். படைப்பிரிவுகள் தங்கள் அடையாளத் துணியைத் தைத்த இடம் அது, உங்கள் தொப்பி எந்தப் பிரிவினுடையது என்பதற்கு அந்தத் தகட்டைவிட நல்ல சாட்சி அங்கே ஒளிந்திருக்கலாம்.